வில்லனுக்குப் போட்ட ஐந்து சுரம்

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் பின்னல் மிஷின்களுக்கு வைத்தியம் பார்த்தவர் ரத்தினசாமி. பதவியின் பெயர் ஃபிட்டர். வட்டமாகச் சுற்றும் அந்த மிஷினில் சில நூறு ஊசிகள். ஒன்று முறிந்தாலும் துணியில் நெடுகக் கோடு விழும். மற்றவர்கள் கோட்டைப் பார்த்த பிறகு மிஷினை நிறுத்துவார்கள். ரத்தினசாமி பத்தடி தள்ளி, முதுகைக் காட்டி நின்றபடியே, "மூணாம் நம்பர்ல ஊசி போயிருச்சு, நிறுத்துங்க" என்பார். காது அப்படி.

அந்தக் காதுதான் 1961இல் அவர் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

கம்பெனித் தொழிலாளர்கள் ஒரு நாடக சபா வைத்திருந்தார்கள். அந்த ஆவணியில் ஒரு புதுமை செய்தார்கள். ஒரே நாடகத்தைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி, ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு ஒரு துண்டாகப் போட்டார்கள். எழுதியவர் குமாஸ்தா வெள்ளியங்கிரி. அடுத்த வாரம் யார் சாகப்போகிறார்கள் என்பது சனிக்கிழமை வரை அவருக்கே தெரியாது. கூட்டம் அதனாலேயே வந்தது.

பின்னணி இசை ரத்தினசாமியின் பொறுப்பு. ஓர் ஆர்மோனியம், இரண்டு பிடில், டோலக், புல்புல்தாரா, இடி இடிக்க ஒரு தகரத் தகடு. அவர் கையில் கிளாரினெட். தாராபுரத்துக் கல்யாண பேண்டு ஒன்றில் பழகியது. போர்டில் 'மாபெரும் ஆர்க்கெஸ்ட்ரா' என்று எழுதியிருந்தது. மாபெரும் என்பதற்கு மட்டும் சாயம் கொஞ்சம் அதிகம் செலவாகியிருந்தது.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ரத்தினசாமி தனித்தனி மெட்டு போட்டார். கலைத் தாகம் ஒன்றும் இல்லை. ஆள் பற்றாக்குறை. வில்லன் ஜமீன்தாரும் கதாநாயகியின் அப்பாவும் ஒரே நாச்சிமுத்து, ஒரே மீசை. வந்திருப்பது கொல்ல வந்தவரா, கொஞ்ச வந்தவரா என்பது பின்வரிசைக்குத் தெரிய வேண்டும். மெட்டு முன்னே வரும், நாச்சிமுத்து பின்னே வருவார்.

மற்ற மெட்டுகளை உட்கார்ந்து யோசித்துப் போட்டார். வில்லனுக்கு மட்டும் மிஷினுக்கு எண்ணெய் விடும்போது தானாக வந்தது. ஐந்தே சுரம். நான்கு கனமாகக் கீழே இறங்கும். ஐந்தாவது மட்டும் காலை இழுப்பதுபோல் ஓர் இழுப்பு. மூன்றாவது வாரத்தில் அதைக் கேட்டதுமே பெண்கள் குழந்தைகளை மடியில் இழுத்துக்கொண்டார்கள்.

ஐந்தாவது வாரத்தில் மெட்டு கம்பெனிக்குள் வந்துவிட்டது. பனியன் மடிக்கும் மேசையில் யாராவது ஒருத்தர் முனகுவார். உடனே பேச்சு நிற்கும், டீ டம்ளர் மேசைக்கடியில் போகும், கைகள் மடிக்கத் தொடங்கும். தையல்காரர்களின் கால்கள் பெடலை மிதிக்கும். கொஞ்ச நேரத்தில் முதலாளி அப்புசாமி உள்ளே வருவார். ரத்தினசாமிக்கு ஒரே பூரிப்பு. தன் மெட்டு இவ்வளவு பரவிவிட்டதே என்று நினைத்தார்.

மடிப்பு மேசை செல்லாத்தாள்தான் கண்ணைத் திறந்து வைத்தார்.

"ஏனுங்ண்ணா, தெரிஞ்சு போட்டீங்களா, தெரியாமப் போட்டீங்களா?"

"எதைக் கேக்கற அம்மிணி?"

"நம்ம மொதலாளி நடந்து வாரதை ஒருக்காக் கேளுங்க. பொறவு உங்க வில்லன் பாட்டைக் கேளுங்க."

கேட்டார். சிமெண்டுத் தரையில் முதலாளியின் தோல் செருப்பு வந்துகொண்டிருந்தது. வலது செருப்பில் குதிகால் தேய்ந்து ஆணி தலையை நீட்டியிருந்தது. ஒவ்வொரு காலும் குதிகாலில் ஒன்று, முன்பாதத்தில் ஒன்று என்று இரு முறை தட்டும்; வலது கால் எழும்போது ஆணி தரையில் இழுக்கும். டக், டக், டக், டக், கிரீச்ச்ச்.

"முருகா" என்று ரத்தினசாமி ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

அப்புசாமி கெட்டவர் இல்லை. ஆனால் தன்னைப் பார்த்துச் சிரிப்பவர்களை வைத்திருக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. முந்தின வருடம் பூசைப் பந்தியில் அவர் தும்மியபோது சிரித்த தையல்காரர் ஒருவருக்கு மறுநாள் கம்பெனியில் மிஷின் இல்லை. தன் மெட்டு எதிலிருந்து வந்தது என்று முதலாளிக்குத் தெரிந்தால் தனக்கும் அதுதான் என்று ரத்தினசாமிக்குப் புரிந்தது.

வேலை போனால் சொந்த ஊரான மங்கலத்துக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே அப்பா தண்டாயுதபாணியின் கைத்தறி. மகன், நெய்பவர் காலை விட்டு உட்காரும் தறிக்குழியிலிருந்து எழுந்து பனியன் கம்பெனிக்குப் போன அன்று அப்பா தடுக்கவில்லை. "ஆறே மாசம். பொறவு நீயே வந்து இந்தக் குழியில உக்காருவ" என்று மட்டும் சொன்னார். நான்கு வருடம் ஆகியும் அந்தக் குழியை வாரம் தவறாமல் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தார். வேறு எதுவும் ரத்தினசாமியை இவ்வளவு பயமுறுத்தியதில்லை.

ஆயுத பூசைக்கு நான்கு நாள் இருக்கும்போது முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"ஏப்பா ரத்தினசாமி, நம்ம ஆளுக ஒரு பாட்டை முனகிட்டே இருக்கறாங்களே, அது உம்பட பாட்டாமா?"

"ஆமாங்க மொதலாளி."

"நான் போற பக்கமெல்லாம் அதேதான் கேக்குது."

"கேக்குமுங்க."

"நாடகத்துல யாருக்குப் போட்டது?"

முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக்குப் போய்விடுவார், நாடகம் பார்த்ததில்லை. ரத்தினசாமியால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை. "பெரிய மனுசர் ஒருத்தர் உள்ள வாரப்ப வாசிக்கறதுங்க."

"அப்படிப் போடு! பூசையன்னிக்கு நான் உள்ள வாரப்ப அதையே வாசிச்சுரு. நூல் ஏவாரிக, பேங்க் மேனேசர் அல்லாரும் வாராங்க."

அன்று மாலை சபாவில் அவசரக் கூட்டம். மெதுவாக வாசித்தால் ஆள் அடையாளம் தெரியாது என்றார் வெள்ளியங்கிரி. வாசித்துப் பார்த்தார்கள். இழவு வீடு மாதிரி இருந்தது. வேகமாக வாசித்தார்கள்.

"வில்லன் பஸ்ஸுக்கு ஓடறாப்ல இருக்குது" என்றார் நாச்சிமுத்து.

கடைசியில் செல்லாத்தாள் பொறுப்பை எடுத்துக்கொண்டார். "நீங்க உள்ளபடியே வாசிங்ண்ணா. ஒருத்தரும் சிரிக்க மாட்டோம். நான் சொல்லி வெச்சுர்றன். பல்லைக் கடிச்சுட்டு நிப்பம்."

"ஒரு பல்லு தெரிஞ்சாலும் நான் மங்கலத்துக்குப் போகோணும் அம்மிணி."

"தெரியாதுங்ண்ணா. எங்கம்மா மேல ஆணை."

ஆயுத பூசையன்று மிஷின்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துச் செவ்வந்தி மாலை போட்டிருந்தது. அன்று எந்த மிஷினையும் தொடக்கூடாது, அவற்றுக்கு ஓய்வு. தையல்காரர்கள் வேட்டி மடிப்புக் கலையாமல் தங்கள் தங்கள் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மடிப்பு மேசையில் பொரியும் கடலையும் பேச்சும். முதல் வரிசை நாற்காலிகளில் நூல் வியாபாரிகளும் பேங்க் மேனேஜரும். ஆர்க்கெஸ்ட்ரா ஓரமாகப் பெஞ்சில்.

வாசலில் கார் நின்றது. முதலாளி இறங்கினார். ரத்தினசாமி கண்ணை மூடிக்கொண்டு கிளாரினெட்டை எடுத்து வாசித்தார்.

செல்லாத்தாள் வாக்குத் தவறவில்லை. ஒரு பல்லும் தெரியவில்லை. சிரிக்கக்கூடாது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஆனால் வேறு எதைச் செய்யக்கூடாது என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. இத்தனை வாரமாய்ப் பழகிய உடம்பைப் பற்றி யாருமே நினைக்கவில்லை. நான்காவது சுரத்தில் பேச்சு மொத்தமும் நின்றது. ஐந்தாவதில் பொரித் தட்டுகள் மேசைக்கடியில் போயின. மடிப்பவர்கள் தலை குனிந்து, எதிரே பனியன் இல்லாததால், வாழை இலையை மடித்தார்கள். தையல்காரர்கள் முப்பது பேரின் கால்களும் ஒன்றாகப் பெடலை மிதித்தன. முப்பது மிஷினும் மாலையோடு ஓடின. ஒரு மாலை சக்கரத்தில் சுற்றிப் பிய்ந்து, செவ்வந்தி பேங்க் மேனேஜரின் மடியில் கொட்டியது. கற்பூரத் தட்டோடு நின்ற பூசாரி வாயைத் திறந்தபடி நின்றார்.

தப்பு புரிந்ததும் எல்லாக் கால்களும் நின்றன. அந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம். டக், டக், டக், டக், கிரீச்ச்ச்.

ரத்தினசாமிக்குக் கூட்டிப் பெருக்கிய தறிக்குழி கண்முன் வந்தது.

முதலாளி நடுக்கூடத்தில் நின்று ஒவ்வொரு மிஷினாகப் பார்த்தார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். குரல் தழுதழுத்தது.

"பாத்தீங்களா சார்? பூசை நாள்லகூடச் சும்மா உக்கார மாட்டீங்கறாங்க எம்பட ஆளுக. என்னைக் கண்டாப் போதும், கை தானா வேலைக்குப் போவுது."

மேனேஜர் மடியிலிருந்த செவ்வந்தியைத் தட்டிவிட்டுக்கொண்டே, மிகவும் மரியாதையாகத் தலையசைத்தார்.

வேலை தப்பியது. தப்பியது மட்டுமல்ல, மறுநாளிலிருந்து அதில் ஒரு பங்கு கூடியது. கம்பெனி வாசலில் ஒலிபெருக்கி கட்டினார்கள். தினமும் காலை எட்டு மணிக்குச் சங்குக்குப் பதில் ரத்தினசாமி கிளாரினெட்டில் அந்த ஐந்து சுரத்தை வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. தீபாவளிக்கு மங்கலம் போனபோது, குழியில் தேங்காய் போட்டு வைத்திருப்பதைப் பார்த்தார். அப்பா கைவிட்டுவிட்டார். ரத்தினசாமிக்கு அன்றுதான் பனியன் கம்பெனி வேலை நிரந்தரமானது.

நாடகத்தின் கடைசி வாரம் வந்தது. வில்லன் கதாநாயகியின் கழுத்தை நெரிக்க வரும் கட்டம். கிளாரினெட் ஐந்து சுரத்தைப் போட்டதும் கூட்டம் பயப்படவில்லை. "ஞாயித்துக்கெழமையுமா?" என்று ஒரு பெருமூச்சு எழுந்தது. பின்வரிசையில் நான்கு பேர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தே விட்டார்கள்.

மேடையிலிருந்து இறங்கிய நாச்சிமுத்து நேராக வந்தார். "எம்பட பாட்டைப் புடுங்கி மொதலாளிக்குக் குடுத்துட்டீங்களேப்பா!"

"அவருகிட்ட இருந்து எடுத்ததுதானுங்க" என்றார் ரத்தினசாமி.

இன்னொரு சங்கடமும் வந்தது. தனக்கென்று பாட்டு உள்ள மனிதர் ஆணி நீட்டிய செருப்போடு நடப்பது சரியில்லை என்று முதலாளிக்குத் தோன்றியிருக்க வேண்டும். கோயம்புத்தூரில் ரப்பர் செருப்பு வாங்கி வந்தார். காலடிச் சத்தமே இல்லை. பழைய மெட்டை முனகினால் எட்டு மணி ஆகிவிட்டதா என்று கேட்கிறார்கள். ஒரே திங்கட்கிழமையில் மூன்று பேர் டீயும் கையுமாக அகப்பட்டார்கள்.

செல்லாத்தாள் ஃபிட்டர் மேசைக்கு வந்தார். "வேறொண்ணு குடுங்ண்ணா. கண்ணைக் கட்டிக் காட்டுல உட்டாப்ல இருக்குது."

"இனி ஒரு பாட்டும் போடறதா இல்லை அம்மிணி. ஒண்ணுல பட்டது போதும்."

"புதுசா எதுக்குங்? நாடகம் முடிஞ்சுது. கதாநாயகி பாட்டு சும்மாதான கெடக்குது?"

அது வேண்டாம் என்று சொல்ல ரத்தினசாமிக்குக் காரணம் கிடைக்கவில்லை. பதினைந்து நாள் கழித்து, பின்னல் மிஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவரின் பின்னால் திடீரென்று குரல் கேட்டது. ஊசி முறிவதைப் பத்தடியில் பிடிக்கும் காதுக்கும் ரப்பர் செருப்பு எட்டவில்லை.

"ஏப்பா, புதுசா ஒரு பாட்டு கேக்குதே. அது யாருக்குப் போட்டது?"

ரத்தினசாமி தலையை வெளியே எடுத்தார். "பாவப்பட்ட புள்ளை ஒண்ணுக்குங்க மொதலாளி. யாராச்சும் வந்து காப்பாத்த மாட்டாங்களான்னு பாக்கற புள்ளைங்க."

முதலாளி கேட்டுக்கொண்டே நின்றார். முகம் இளகியது. "நல்லாருக்குது. சாயங்காலம் வேலை உடறப்ப இதை வாசிச்சுரு."

அன்று மாலையே செல்லாத்தாள் மறுபடி வந்து நின்றார். நாடகத்தில் வேலைக்காரக் கிழவனின் மெட்டு ஒன்று இன்னும் மிச்சமிருந்தது.