எலாஸ்டிக் லூசானால் ரிஜெக்ட்

ஒரு ரமலான் மாதம். நோன்பு வைத்துக்கொண்டு, பனியன் கம்பெனியில் தைத்த பீஸைச் சரிபார்க்கும் செக்கிங் மேசையில் நின்றிருந்தேன். சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் போனதும், ஜட்டிக்கு எலாஸ்டிக் அடிக்கும் டெய்லர் ஆறுமுகசாமி தன் மெஷினுக்கு வைத்திருந்த ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டுப் போனார். அல்லாஹ் அதற்கான கூலியை அவருக்குக் கொடுக்கட்டும். அதைத் தவிர அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

காலையில் நிரப்பிய தண்ணீர் பாட்டிலை மாலையில் அப்படியே தூக்கிக் காட்டுவார். மெஷினை விட்டு எழவில்லையாம், அது ஒரு பெருமை. பாத்ரூமுக்குப் போகும் பெண்களைப் பார்த்து, "ஏனுங்க, டூர் கிளம்பிட்டீங்களா?" என்பார். நாங்கள் சிரிக்கிறோமா என்று வேறு பார்ப்பார்.

கம்பெனியில் மெடிக்கல் கேம்ப் போட்டபோது அவருக்குப் பிரஷர் நூற்றுத் தொண்ணூறு. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "உடம்புல தண்ணி குறைஞ்சா மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் வரும். கிட்னி தூண்டிவிட்டு ரத்தத்துல இன்னொண்ணு உருவாகும், ஆஞ்சியோடென்சின்னு பேரு. ரெண்டும் ரத்தக்குழாயை இறுக்கும். உங்களுக்கு ஏற்கெனவே பிரஷர் ஜாஸ்தி. இந்த மாத்திரை ஆஞ்சியோடென்சினைத் தடுத்து, குழாயைத் தளர்த்தும். ஒரு நாள்கூட விடாதீங்க. விட்டா பக்கவாதம் வந்துரும்."

பத்து வருஷம் எலாஸ்டிக் அடித்த மூளைக்கு இவ்வளவில் ஒன்றுதான் ஏறியது. "தளர்த்துமாமுங்க! எலாஸ்டிக் லூசானா ரிஜெக்ட் பீஸு. குழா டைட்டா இருந்தாத்தான் கை ஓடும்." ஷிப்மெண்ட் அவசரம் என்று வேலை நாளெல்லாம் மாத்திரையைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவில் மட்டும் ஒன்று.

அவர் மனைவி நாகஜோதி கேட் வரைக்கும் வந்து அழுதாள். "நீங்களாச்சும் சொல்லுங்கக்கா. அந்தக் கை ஓடினாத்தான் எங்க ஊட்டுல அடுப்பு எரியும்."

சொன்னேன். "நீங்க எப்பங்க டாக்டருக்குப் படிச்சீங்க, ரஹ்மத்தக்கா?" என்றார். ஐந்தாவது வரை படித்தவளைக் கேட்கிறார், ஒன்பதாவதில் ஃபெயிலான மேதை.

மூன்றாவது வாரம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வலது கை தொங்கிவிட்டது. வாயும் கொஞ்சம் கோணியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மடத்துக்குளத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வழியனுப்ப நானும் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் நாகஜோதி மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் நீட்டினாள். அன்று ஞாயிறு இல்லையே, முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவம் என்று நினைக்கத்தான் பார்த்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும், வரவில்லை.

பஸ் நகரும்போது இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, விரல்களை மடக்கிக் காட்டினார்.

"இந்தக் கை நல்லா டைட்டாத்தானுங்க இருக்கு, ரஹ்மத்தக்கா. தை மாச ஷிப்மெண்டுக்கு வந்துருவேனுங்க."