உப்புப் போடாத அவரைக்காய்

போன வாரம் என் மகனை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறான். விடிந்தும் விடியாமலும் குளியலறைத் தரையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். சிறுநீரகத்தில் கல். சின்னக் கல்தான், தானாக வெளியேறிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் அந்த நிமிடத்திலிருந்து பயப்படத் தொடங்குகிற ஆள் நான். இப்போதும் அவன் குளியலறைக்குப் போனால் வெளியே நின்று இரண்டு தடவை கதவைத் தட்டுகிறேன். தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று காட்டும் பேனா மாதிரியான கருவி ஒன்றை வாங்கி, குழாய், குடம், வடிகட்டி என்று கண்டதிலும் முக்கிப் பார்க்கிறேன். "ரசத்துக்கு என்ன நம்பர் காட்டுது?" என்று கேட்டார் என் கணவர். அதையும் பார்த்துவிட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது என் பயத்தைப் பற்றி அல்ல, கோபத்தைப் பற்றி.

கட்டிலில் அவனுக்குப் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அவனைப் பார்க்கக் கிணத்துக்கடவிலிருந்து அத்தை வந்திருந்தார், அப்பாவின் அக்கா. எண்பது வயதைத் தாண்டிவிட்டார். தன் மகன் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு இளநீர்க் குலையோடு வந்தார். பையனின் காலைத் தடவிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "கல்லு எங்கிருந்து வந்துச்சுன்னு டாக்டரக் கேக்கோணுமா கண்ணு? உங்கம்மா கையி உப்புக்கையி. அதுல தின்னு வளந்தவ நீ. அது உன்னோட நிக்காம, உம்பையன் வரைக்கும் வந்துபோடுச்சு" என்றார்.

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் பிரியமாகத்தான் சிரித்தார். அந்தப் பிரியம்தான் எனக்கு எரிகிறது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இதே வார்த்தை, இதே சிரிப்பு. நிமிர்ந்து பாட்டிலைப் பார்த்தேன். அதில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்ததும் உப்புத் தண்ணீர்தான்.

எங்கள் வீடு கருமத்தம்பட்டிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் இருந்தது. வீட்டை ஒட்டி அப்பாவின் தறிக்கொட்டகை. கொட்டகைக்கும் கிணற்றுக்கும் நடுவில் இருந்த இடத்தைத் தோட்டம் என்று சொன்னால் உண்மையான விவசாயிகள் சிரிப்பார்கள். சில பாத்திகள், ஒரு பந்தல், அவ்வளவுதான். புரட்டாசி மழைக்கு அம்மா விதை ஊன்றுவார். மார்கழி பிறக்கும்போது பந்தல் முழுக்க அவரை பூத்துக் கிடக்கும். கீழே கத்தரி, கொத்தவரை, மிளகாய். வேலியோரம் ஒரு சுண்டைச் செடி.

பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் அவரை பறிப்பது என் வேலை. பனியில் நனைந்த இலைக்குள் கையை விட்டால் முழங்கை வரைக்கும் சில்லிட்டுப்போகும். அவரை இலைக்கு ஒரு பச்சை நாற்றம் உண்டு, சோப்புப் போட்டாலும் போகாது. கொடி நுனியில் கறுப்பாக அப்பிக் கிடக்கும் அசுவினிப் பூச்சிக்கு அம்மா அடுப்புச் சாம்பலைத் தூவியிருப்பார். அந்தச் சாம்பல் என் வெள்ளைச் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இன்னைக்கு ஊட்ல அவரைக்காயா?" என்பாள். எனக்கு அன்று அவமானமாக இருக்கும். இப்போது ஒரு கைப்பிடி அந்த இலை கிடைத்தால் முகர்ந்துகொண்டே இருப்பேன்.

தை மாதத்தில் காய் தின்னத் தீராது. அம்மா வத்தல் போடுவார். அவரை, கொத்தவரை, கத்தரி. சுண்டையும் மிளகாயும் மோரில் ஊறிக் காயும். மற்ற வீடுகளில் காயை உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு வடித்துவிடுவார்கள். அம்மா வடிக்க மாட்டார். வடித்தால் ருசியெல்லாம் சாக்கடைக்குப் போய்விடும் என்பார். உப்பும் மஞ்சளும் போட்டு, தண்ணீர் முழுதும் சுண்டிக் காய்க்குள் இறங்கும்வரை சின்னத் தீயில் வைத்திருப்பார். இந்தப் பழக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அம்மாவைக் குற்றவாளியாக்கியது இதுதான்.

மொட்டைமாடியில் பழைய பவானி ஜமக்காளத்தை விரித்து, அதன்மேல் வேட்டியைப் போட்டுக் காய வைப்போம். தறியிலிருந்து பறக்கும் பஞ்சு வத்தல்மேல் மெல்ல வந்து உட்காரும். அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பது என் தம்பியின் வேலை. அவன் பஞ்சைவிட வத்தலைத்தான் அதிகம் பொறுக்குவான். கலகலவென்று சத்தம் வரும்வரை காய்ந்ததும் சொந்தக்காரர்கள் வீடுகளுக்கெல்லாம் பை பையாகப் போகும். முதல் பை கிணத்துக்கடவு அத்தைக்கு. அத்தை வீட்டுத் தோப்பில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை, ஆனால் அம்மா கை வத்தல் இல்லாமல் அங்கே புளிக்குழம்பு கொதிக்காது. "எந்தம்பி சம்சாரம் போட்டது" என்று அத்தையே ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வாராம். படிப்பு, வேலை என்று எதுவும் இல்லாத அம்மாவுக்கு அந்தப் பேர்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊர் ஓடைக்கு மேல்புறம் ஒரு சாயப்பட்டறை வந்தது. ஓடையில் ஒரு நாள் நீலம் ஓடும், ஒரு நாள் சிவப்பு. "வெளிநாட்டுக்காரன் இந்த வருசம் என்ன கலர் போடறான்னு நம்ம ஓடையப் பாத்தாத் தெரிஞ்சுபோகும்" என்று அப்பா வேடிக்கையாகச் சொல்வார். எங்களுக்கும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாயம் நூலில் பிடிப்பதற்கு மூட்டை மூட்டையாக உப்புப் போட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சாயம் கண்ணுக்குத் தெரிந்தது, உப்பு தெரியவில்லை. கிணற்றில் அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறியது. குடிக்கத் தெருக்குழாய்த் தண்ணீர் வந்துகொண்டிருந்ததால் எங்கள் நாக்குக்கும் தெரியவில்லை. சமையலுக்கும் தோட்டத்துக்கும் கிணறுதான்.

பருப்பு வேகவில்லை. மளிகைக்கடையைத் திட்டினோம். சோப்பு நுரைக்கவில்லை. சோப்பை மாற்றினோம். வத்தல் கரித்தது. அம்மாவைத் திட்டினார்கள்.

அந்த மாசியில் அத்தை, கொடுத்தனுப்பிய பையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். "ஏனம்மணி, அவரைக்காய்க்கு உப்புப் போட்டயா, உப்புக்கு அவரைக்காய் போட்டயா?" என்றார். அம்மா ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. "கை தவறிப்போச்சுங்க" என்றார். அடுத்த வருடம் உப்பைப் பாதியாகக் குறைத்தார். இன்னும் கரித்தது. "வயசாச்சு, நாக்குச் செத்துப்போச்சு" என்றார் அத்தை. அப்போது அம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. விசேஷ வீடுகளில் சமையல்கட்டுப் பக்கம் அம்மா போனால், "நீங்க தேங்காய் துருவுங்க, உப்பு நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

பட்டறைக்கு உப்பு மூட்டை ஏற்றிய லாரி எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். லாரி லாரியாக உப்பைப் பார்த்த ஊர், ஒரு பெண்ணின் கைப்பிடி உப்பைக் குற்றம் சொன்னது.

விஷயத்தை முதலில் பிடித்தவர் மளிகைக்கடை பாய். கோயம்புத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கடை திறப்பார். பருப்பு வேகவில்லை என்று அம்மா திருப்பிக் கொடுத்ததை அவர் தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். மறுநாள் வாசலில் வந்து நின்று, "எங்க ஊட்டு சிறுவாணித் தண்ணில ஒரே விசில்ல மாவாப் போச்சுங்கம்மணி. எம் பருப்பு மேல குத்தமில்லீங்க. உங்க தண்ணியப் பாருங்க" என்றார். அவருக்கும் தன் கடைப் பேர் முக்கியம். ஆனால் அவருக்கு நிரூபிக்க வேறு ஊர்த் தண்ணீர் இருந்தது.

அன்றே அம்மா என்னிடம் பந்தலில் மிச்சமிருந்த அவரையைப் பறித்து வரச் சொன்னார். கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, எப்போதும்போல் சுண்ட வைத்தார். மஞ்சள் மட்டும் போட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். உப்பு ஜாடியின் மூடியை அவர் தொடவில்லை. நன்றாகக் காய்ந்ததும் எண்ணெயில் பொரித்து, அப்பாவின் தட்டில் ரசம் சாதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்கும் வைத்தார்.

அப்பா கடித்தார். "இன்னைக்கும் ஜாஸ்திதான்" என்றார், பழக்கத்தில்.

"உப்பே போடலீங்க."

"என்ன?"

"போடலீங்க. புள்ள கூடத்தான் நின்னா, கேளுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். இன்னொரு காயை எடுத்து, மெதுவாக, வெகுநேரம் மென்றார். அப்பா முட்டாள் இல்லை. லாரி, ஓடை, கிணறு எல்லாம் அந்த ஒரு வாயில் அவருக்குப் புரிந்துவிட்டது. இனி அத்தைக்குச் சொல்லிவிடுவார், அம்மாவின் பேர் திரும்பிவிடும் என்று நான் நினைத்தேன்.

"தெரியுது அம்மணி" என்றார் அப்பா. "ஆனா வெளிய சொல்லிப்போடாத. நம்ம தறிக்கு நூலு அவிய பட்டறையிலருந்துதான் வருது. அக்காகிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

"அப்ப எம் பேரு?"

"வத்தல்தான, போனாப் போகுது."

அம்மா தட்டிலிருந்த மிச்சத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதோடு முடிந்தது. அப்பா கெட்டவரில்லை, வீட்டில் இத்தனை வாய்கள் இருந்தன, எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறவில்லை. பட்டறைக்காரர் கோயில் விசேஷத்தில் மாலை வாங்கிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். அம்மா பின்னால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் அவரை இலை ஓரமெல்லாம் தீய்ந்து கருகியது. பாத்தி மண்ணில் வெள்ளையாகப் பூத்தது. அதற்கடுத்த புரட்டாசியில் அம்மா விதை ஊன்றவில்லை. "உப்புக்கைக்காரி வெதைச்சா வெதை கூட மொளைக்க மாட்டேங்குது" என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, எங்கள் பக்கத்து வழக்கப்படி உப்பும் சர்க்கரையும் தட்டில் வைத்து உப்புச் சர்க்கரை வாங்கிய அன்று, உப்புத் தட்டை எடுக்க அம்மா கையை நீட்டினார். அத்தை சட்டென்று அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீ சர்க்கரையப் புடி அம்மணி, புள்ள வாழ்க்க கரிச்சுப்போகப் போகுது" என்றார். கூடத்தில் பெரிய சிரிப்பு. அம்மாவும் சிரித்தார். அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது எல்லாம்தான் அன்று மருத்துவமனையில் என் தலைக்குள் ஓடியது. வராந்தாவுக்கு வந்து வீட்டில் இருந்த அம்மாவை போனில் கூப்பிட்டேன். அத்தை சொன்னதைச் சொன்னேன்.

"சொன்னாச் சொல்லட்டு. பையனுக்கு மூத்திரம் கலங்கலில்லாமப் போகுதா?"

"நான் இன்னைக்குச் சொல்லிப்போடறேம்மா."

"வேண்டாங்கண்ணு. உங்கப்பா இல்லாத காலத்துல அவரப் பேசுவாங்க. அவரு பேரக் கெடுத்துப்போடாத."

அப்பாவின் பேர். அம்மாவுக்கு இன்னும் அதுதான் முக்கியம். நான் போனை வைத்துவிட்டு உள்ளே போய், அத்தையின் எதிரில் உட்கார்ந்து, கிணறு, பருப்பு, அவரைக்காய் என்று ஒன்று விடாமல் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தார்.

அத்தை இளநீரைக் கீழே வைத்தார். "உப்பே போடலையா?" என்று கேட்டார்.

"போடலீங்கத்தை."

அத்தை இல்லையென்று தலையை ஆட்டினார். "தெரிஞ்சிருந்தா எந்தம்பி எங்கிட்டச் சொல்லாம இருப்பானா? நீ அப்பச் சின்னப் புள்ள. என்னத்தையோ நெனச்சுட்டு இருக்கற. சரி, இதுக்கெல்லாம் இப்பச் சாட்சி எங்க இருக்குது?"

கிணற்றை மூடி அதன்மேல் கடைகள் கட்டிவிட்டார்கள். தோட்டம் இருந்த இடத்தில் வண்டிகள் நிற்கின்றன. சாயப்பட்டறை எப்போதோ மூடி, இப்போது கல்யாண மண்டபமாகிவிட்டது. சமையலுக்கு லாரியில் நல்ல தண்ணீர் வருகிறதாம். மொட்டைமாடி இல்லை, தறிகளை எடைக்குப் போட்டாயிற்று. ஓடையில் எந்த நிறமும் ஓடவில்லை, தண்ணீரே இல்லை. பாய் கடையைக் காலி செய்து எந்தக் காலமோ ஆகிவிட்டது. அப்பா இல்லை. அத்தை கேட்டது சரிதான், போய்ப் பார்க்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

நான் இருக்கிறேன். அன்று அம்மா என் தட்டில் வைத்ததிலிருந்து இரண்டு காய் எடுத்துத் தின்றேன். அம்மா உப்புப் போடவில்லை. கரித்தது.