நான் மாற்றி எழுதிய கடிதம்

யுத்த காலம். பூந்தமல்லி தபாலாபீஸ் வாசலில் கூலிக்குக் கடிதம் எழுத நானும் உட்கார்ந்தேன். அங்கே வழக்கமாக எழுதுகிறவர் என் மைப்புட்டியை உதைத்துக் கவிழ்த்தார்.

"பொம்பளைக்கு இங்க இன்னா வேலை? ஊட்டுக்குப் போ!"

போனேன். என் அடுப்பங்கரையிலேயே எழுத ஆரம்பித்தேன். ஆண்களிடம் சொல்லக் கூசியதையெல்லாம் பெண்கள் என்னிடம் வந்து சொன்னார்கள். அவருக்கு ஆள் குறைந்தது. எனக்கு அது போதவில்லை.

ஒருநாள் அவர் மனைவியே வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது.

"நல்லா கீறேன்னு எங்கம்மாவுக்கு எழுதுக்கா."

'அடிக்கிறார், வந்து அழைத்துப் போங்கள்' என்று எழுதி உறையை ஒட்டினேன்.

அவளுடைய அண்ணன்மார் கடிதமும் கையுமாக வந்தார்கள். அவர் தெருவில் நின்று கெஞ்சியதை ஆசைதீரப் பார்த்தேன். வண்டியேறுமுன் அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கோசரம் எழுதினியேக்கா!"

நான் எனக்காகத்தான் எழுதினேன். "பார்த்துப் போ" என்று மட்டும் சொல்லி அவளை வண்டியேற்றிவிட்டேன்.