தொர வூட்டுப் புகைக்கூண்டு

இண்டூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் 'தொர வூடு' எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். பண்ணை வைக்க வந்த ஒரு வெள்ளைக்காரர் தன் ஊர் நினைப்பிலேயே கட்டிய வீடு. இரண்டடிக் கருங்கல் சுவர், பனி வழுக்கி விழுவதற்காகச் செங்குத்தாகச் சரிந்த ஓட்டுக்கூரை, கூடத்துச் சுவரில் குளிர்காயக் கணப்பு. சித்திரை வெயிலில் நாக்குத் தள்ளும் ஊரில் அந்த மனுஷனுக்குக் கணப்பு கேட்டிருக்கிறது!

பிறகு அதை வாங்கிய கிறிஸ்தவக் குடும்பத்துக்குக் கணப்பு என்றால் என்னவென்று தெரியவில்லை. சுவரை வளைவு வைத்து இவ்வளவு அழகாகக் குடைந்திருந்தால் அது பீடம்தானே? மாதா சொரூபத்தை உள்ளே வைத்துவிட்டார்கள். மேலே புகைக்கூண்டு இருப்பது முதல் மழையில்தான் தெரிந்தது. கூரையேறி ஒரு கல்லால் அதன் வாயை மூடினார்கள்.

அந்த வீட்டின் மருமகளாக வந்து முப்பத்தைந்து வருஷமாக அதை ஆண்டு வருகிறவர் ரோசம்மாள். கணவர் இறந்த பிறகும் வருஷா வருஷம் சேலையை வரிந்து கட்டி, ஏணி வைத்து ஏறி, உடைந்த ஓடுகளைத் தானே மாற்றுவார். நாலு ஓடு மாற்ற வருகிறவன் எட்டு ஓடு மிதித்து உடைப்பான் என்பது அவர் கணக்கு. இந்த வருஷம் முழங்கால் வலி, ஏறவில்லை. புகைக்கூண்டின் கல்லைக் குரங்குகள் தள்ளிவிட்டதைக் கீழிருந்தே பார்த்து வைத்திருந்தார்.

மகன் ஜோஸ்வினுக்குத் தளம் போட்ட வீடு வேண்டும். பழையதை இடிக்கத் திங்கட்கிழமைக்கு ஜேசிபி சொல்லிவிட்டான். ரோசம்மாள் கெஞ்சினார், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். அவன் மசியவில்லை.

வியாழன் இரவு நல்ல மழை. விடிந்ததும் மருமகள் பிளசி பார்த்தாள், மாதாவின் கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது. மதியத்துக்குள் ஊரே மெழுகுவத்தியோடு கூடிவிட்டது. ஜோஸ்வினே போன் போட்டு ஜேசிபியை வரவேண்டாம் என்றான். ரோசம்மாளுக்கு விஷயம் தெரியும். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் திறந்திருக்க மாட்டேன்.

மழை விடவில்லை. ஞாயிறன்று அரூரிலிருந்து ஒரு பெண் காய்ச்சல் கண்ட குழந்தையோடு வந்தாள். சொட்டிய நீரைச் சங்கில் பிடித்துக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை கேட்டிருப்பீர்கள். இங்கே தாழியை ரோசம்மாளே உடைத்தார்.

"குடுக்காத கண்ணு. அது மழைத்தண்ணி. புகைக்கூண்டுல எறங்குது, குருவி எச்சமெல்லாம் கலந்துருக்கும்."

சொரூபத்தை நகர்த்திக் காட்டினார். உள்ளே குனிந்து பார்த்தவர்களுக்கு மேலே சதுரமாக வானம் தெரிந்தது. கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது.

"மொதல்லயே தெரியுமாம்மா?" என்றான் ஜோஸ்வின்.

"தெரியும். நாளைக்கு ஜேசிபிக்காரன வரச் சொல்லிக்கோ" என்று சொல்லிவிட்டு, ரோசம்மாள் மாதாவின் முகத்தை முந்தானையால் துடைக்க உட்கார்ந்தார். ஜோஸ்வின் ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கணப்புக்குள்ளிருந்து அவன் குரல் இறங்கி வந்தது.

"அம்மா, கல்லு நல்லாத்தான் இருக்கு. ஒரு சட்டி சிமெண்ட் கொழச்சுக் குடுங்க, பூசிட்டு வந்துர்றேன்."