வெள்ளையம்மாள் இறங்கிய கிணறு

எழுபத்தேழாம் வருஷம் தீபத் திருவிழாவில் பெரிய தேர் இழுக்கிற நாள். அடி அண்ணாமலை ஆண்கள் எல்லோரும் டவுனுக்குப் போய்விட்டார்கள். வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று சில பெண்கள் மட்டும் சடையன் நிலத்துக் கிணற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். மழையில் கிணறு மேல்படி வரை நிரம்பியிருந்தது.

சடையனின் ஒரே மகள் வள்ளி குடத்தோடு இறங்கும்போது பாசி வழுக்கி உள்ளே விழுந்தாள். படியில் அவள் அம்மா வெள்ளையம்மாள் நின்றாள். என் அம்மா சந்திரம்மாள் நின்றாள். வளையல் விற்கும் முன்னி பேகமும் நின்றாள். புடவையை அவிழ்த்து வீசினார்கள், எட்டவில்லை. கோடை முழுக்கப் பையன்கள் குதித்து ஆடும் கிணறு அது. பெண்கள் படியைத் தாண்டக்கூடாது என்பது ஊர் வழக்கம். ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது.

அதற்குப் பிறகு வெள்ளையம்மாள் படுத்தவள்தான். என் அம்மா கஞ்சி கொண்டுபோய்க் கெஞ்சிக் கெஞ்சி ஊட்டுவாள். சடையன் கிணற்றுப் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டார்.

பங்குனி வெயிலில் எங்கள் வீட்டுத் தண்ணீர் தீர்ந்துபோனது. நான் சிறுமி. முள்ளை ஒதுக்கிவிட்டுக் குடத்தோடு கிணற்றுக்குப் போனேன். கிணற்றை ஒட்டிய வீட்டுக்குள் படுத்திருந்த வெள்ளையம்மாள் பார்த்துவிட்டு, தலை விரிகோலமாக ஓடிவந்தாள்.

"உள்ள உழுந்தா மேல ஏறி வருவியாடி?"

"தெரியாது பெரிம்மா."

என் கையிலிருந்த குடத்தைப் பிடுங்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். அன்று சாயங்காலம் சடையனிடம் கேட்டாளாம்.

"இந்தாய்யா, எனக்கு நீச்ச கத்துக்குடு."

"இந்த வயசுலயா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அழுதவங்கதானே, கொஞ்சம் சிரிச்சிட்டுப் போவட்டும்."

புடவையைக் கச்சம் கட்டி, முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையும் இடுப்பில் கயிறுமாக அவள் இறங்கினாள். கயிற்றின் மறுமுனை சடையன் கையில். கடைசிப் படியை விட்டுக் கால் விலகியதும், "எம்புள்ள இங்கதான்யா மூச்ச உட்டா" என்று கதறினாள். சடையன் பதறிப்போய்க் கயிற்றை இழுத்தார்.

"இழுக்காத! உடு!"

அழுதுகொண்டேதான் கையையும் காலையும் அடித்தாள். தண்ணீரைக் குடித்தாள், இருமினாள், மறுநாளும் இறங்கினாள். சித்திரை முடிவதற்குள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் குடுக்கை இல்லாமலே போய் வந்தாள். வீட்டுக்குப் போனதும், "பசிக்குது" என்று தானாகவே சோறு போட்டுக்கொண்டாள்.

அடுத்து என் அம்மாவை இழுத்துப்போனாள். பிறகு முன்னி பேகம், பிறகு நான், பிறகு தெருவிலிருந்த பெண்பிள்ளைகள். ஊர்ப் பெரியவர் அப்பாதுரை கிணற்று மேட்டுக்கே வந்துவிட்டார்.

"பொம்பளைங்க கெணத்துல குதிக்கறது நல்லாவா இருக்குது? ஊர் மானம் போவுதும்மா."

வெள்ளையம்மாள் ஈரப் புடவையோடு படியேறி அவர் முன்னால் நின்றாள்.

"மானம் மெதக்குமாண்ணே? எங்க வள்ளி மானத்தோடதான் முழுவிப் போனா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த மாசம் அவருடைய மருமகளே கச்சம் கட்டிக்கொண்டு வந்தாள்.

எண்பத்துநாலில் ஒரு பௌர்ணமி. மலை சுற்ற வந்த குடும்பம் ஒன்று பாதையோரக் குளத்தில் கால் கழுவ இறங்கியது. அவர்களுடைய குழந்தை ஆழத்தில் சறுக்கிவிட்டது. எல்லோரும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தபோது, வளையல் கூடையை இறக்கிவைத்துவிட்டு முன்னி பேகம் குதித்தாள். குழந்தையின் தலைமுடியைப் பிடித்து, ஒரு கையால் நீந்திக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

சேதி கேட்டு வெள்ளையம்மாள் ஓடினாள், பின்னாலேயே நானும். சொட்டச் சொட்ட நின்ற முன்னி பேகத்தை இறுகக் கட்டிக்கொண்டாள். பிறகு கூட்டத்தில் கவிழ்ந்து கிடந்த கூடையைப் பார்த்தாள்.

"வளையல்லாம் ஒடஞ்சிட்ச்சா பாபி?"

"அது கெடக்குது, புள்ள அழுவுது பாரு, எத்தினி சத்தமா!"

வெள்ளையம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். வள்ளி போனபின் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. திரும்பி நடக்கும்போது என்னிடம் சொன்னாள்: "இப்பதான்டி துன்ற சோறு ஒடம்புல ஒட்டுது."

எனக்குக் கல்யாண வயசு வந்தபோது வேங்கிக்காலிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காப்பியை வாங்கிக்கொண்டே, "பொண்ணுக்கு இன்னா இன்னா தெரியும்?" என்று கேட்டார். சமையல், தையல் என்று அம்மா ஆரம்பிப்பதற்குள் வெள்ளையம்மாள் முந்திக்கொண்டாள்.

"எங்க பொண்ணு கெணத்துல குதிச்சா அடிக்கல்ல எடுத்துனுதான் மேல வருவா. எங்க தெருவுல எல்லாப் பொண்ணும் அப்டித்தான்."

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சம்பந்தம் கெட்டது என்றே நினைத்தேன். அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க ஊட்டாண்ட ஏரி இருக்குது. எனக்குத் தண்ணின்னாலே பயம். வந்தா எனக்குச் சொல்லிக் குடுப்பியாம்மா?"

தை மாசம் கல்யாணம்.