கழுத்து வலிக்காத காளிக் கிரீடம்

என் லாத்தாவை, அதாவது கூடப்பிறந்த அக்காவை, குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மச்சான் சவுதியில் தையல் வேலை பார்த்தவர். திரும்பி வந்ததும் பஸ் போகும் சாலையில் ஒரு கடையைப் பிடித்தார். இருவரும் ஆளுக்கொரு மிஷினில் உட்கார்ந்தார்கள். வருஷத்தில் பாதிக்கு மேல் சுடிதாரும் ஜாக்கெட்டும் பள்ளிக்கூடச் சீருடையும்தான். ஆடி பிறந்துவிட்டால் வேலையே வேறு. தசராவுக்கு மாலை போட்டு வேஷம் கட்டுகிறவர்களுக்குக் காளி உடை, ராஜா உடை, குரங்கு உடை, போலீஸ் உடை என்று கடை முழுக்கச் சிவப்பும் ஜிகினாவுமாகிவிடும்.

நாங்கள் முஸ்லிம்கள். அம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்களின் உடையை நாங்கள் தைப்பதைப் பற்றி அந்த ஊரில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. காளி உடை தைக்கிற வாரங்களில் மச்சான் கடைக்குள் மீன் சோறு கொண்டுவரமாட்டார். வெட்டிய துணியை லாத்தா தரையில் போடமாட்டாள். விரதம் இருக்கிறவர்கள் உடுத்தப்போகிற துணி என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நான் பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் இணையதளம் செய்யும் வேலையில் இருந்தேன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நகைக்கடை என்று பெரிய இடங்களுக்கான வேலை. மகள் பிறந்தபின் அதை விட்டுவிட்டு, மேலப்பாளையத்தில் வீட்டிலிருந்தபடியே கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தேன். நான் செய்கிற வேலை இன்னதென்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. விளக்கிச் சொல்லி எனக்கும் அலுத்துப்போயிருந்தது.

ஒரு நோன்புப் பெருநாள் முடிந்து மகளோடு லாத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். கடையில் கூட்டமில்லை. காஜா எடுத்துக்கொண்டே லாத்தா சொன்னாள்.

"ஏட்டி, நீ இதத்தான வேலையாப் பாக்க? நம்ம கடைய நெட்டுல போட்டு வருஷம் ஆச்சு. ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. போன தசராவுக்குப் பாதிப் பேரு போன்லயே பாத்து வெளியூர்ல வாங்கிட்டாவ. என்னன்னு பாரேன்."

அவள் போனை வாங்கி அங்கேயே திறந்தேன். ஒரு வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் எழுந்துபோய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்தேன். வட்டம் நிற்கவில்லை. கடைசியில் கறுப்புப் பின்னணியில் ஒரு படம் வந்தது, கூடவே உறுமிச் சத்தம். எழுத்தெல்லாம் எறும்பு போல. விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் அடுத்த படம் நகர்ந்து வந்து எழுத்தை மறைத்தது. கடையின் போன் நம்பரைக் கண்டுபிடித்து அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. அதுவும் படத்துக்குள்ளேயே இருந்தது.

மச்சான் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "ரியாத்துல எங்கூட இருந்தவரோட தம்பி பண்ணிக் குடுத்தது. அவரு ஆபீஸ்ல பெரிய திரையில காட்டுனாரு பாரு, சினிமா மாதிரி இருந்துச்சு."

"பெரிய திரையில நல்லாத்தான் இருக்கும் மச்சான். ஆனா வேஷம் கட்டுதவங்க போன்லல்லா பாப்பாவ? பஸ்ஸுல, டீக்கடையில, வயக்காட்டுல நின்னு பாப்பாவ. இது திறக்குததுக்குள்ள வேற கடைக்குப் போயிருவாவ."

"நீ ஆஸ்பத்திரிக்குப் பண்ணுன ஆளு. இது வேஷக்கடை" என்றார். குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே அது வேறு வேலை என்று நினைத்தார்.

எனக்கு ரோஷம் வந்தது. புதிதாகச் செய்து தருகிறேன், பிடிக்கவில்லையென்றால் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கு முன்னால் சில நாள் கடையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் சொன்னேன். எதற்கு என்று லாத்தா கேட்டாள். போனில் பேசுகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கேட்க வேண்டும் என்றேன்.

பழைய தளத்தின் நெற்றியில், "தெய்வீகப் பாரம்பரிய ஆடை அலங்கார வடிவமைப்பாளர்கள்" என்று எழுதியிருந்தது. தேடுபொறியில் இப்படி எந்த மனிதன் தட்டுவான்? கடைக்குப் பேசியவர்கள் ஒருவர்கூட அந்த வார்த்தைகளில் ஒன்றையும் சொல்லவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் வேறு. காளி டிரெஸ் தைப்பியளா? சின்னப் பிள்ளைக்கு இருக்கா? காளிக்கு வைக்குத கை தனியாக் கிடைக்குமா? பார்சல்ல அனுப்புவியளா? எத்தன நாள் முன்னால சொல்லணும்? ஒரு பெரியவர், போன வருஷம் கட்டிய கிரீடத்தின் கனத்தில் கழுத்து பிடித்துக்கொண்டதாகச் சொல்லி, கனமில்லாமல் செய்து தர முடியுமா என்று கேட்டார். லாத்தா, "ஃபோம் அட்டையில பண்ணித் தாரேன் அண்ணாச்சி, பூப்போல இருக்கும்" என்றாள். அவள் அப்படிச் செய்வது அதுவரை எனக்கே தெரியாது.

அந்தக் கேள்விகளையே நான் தலைப்புகளாக வைத்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சிறு பக்கம், அதில் லாத்தா சொல்கிற பதில். கனமில்லாத கிரீடத்துக்கும் ஒரு பக்கம் எழுதினேன். மேலே கொட்டை எழுத்தில், "கழுத்து வலிக்காத காளிக் கிரீடம்."

"இதுக்கெல்லாம் ஒரு பக்கமா? வருஷத்துக்கு ஒருத்தர் கேப்பாவளா இருக்கும்" என்றார் மச்சான்.

"அந்த ஒருத்தரு வேற எங்க போவாரு?" என்றேன்.

ஆட்கள் எப்படித் தேடுகிறார்கள் என்று பார்ப்பதற்காக லாத்தாவைப் போனில் பேசித் தேடச் சொன்னேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "காளி வேசம் எங்க கெடைக்கும்" என்றாள். போன் அதை "காளி விஷம்" என்று எழுதிக்கொண்டு, சுற்றுவட்டாரத்துப் பூச்சிமருந்துக் கடைகளை வரிசையாகக் காட்டியது. மச்சான் சிரித்த சிரிப்பில் ஊசியைக் கீழே போட்டுவிட்டார். எனக்கோ அது பெரிய பாடம். எங்கள் பக்கத்துப் பேச்சு அந்தப் பொறிக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. அதனால் வேஷம், வேசம், டிரெஸ், துணி, உடை என்று ஜனங்கள் சொல்கிற எல்லா விதத்திலும், படிக்கும்போது உறுத்தாதபடி, அந்தப் பக்கங்களில் எழுதினேன்.

வரைபடத்தில் பார்த்தால் எங்கள் கடை தேரிக்காட்டின் நடுவில், செம்மணலில் நின்றது. வழி பார்த்து வந்தவர்கள் யாராவது இருந்திருந்தால் பனைமரத்தைத்தான் பார்த்திருப்பார்கள். கடை வாசலில் நின்று புள்ளியைச் சரியான இடத்துக்கு நகர்த்தினேன். படங்களையெல்லாம் அளவு சுருக்கினேன். போன் நம்பரைத் தொட்டதும் மணி அடிக்கிற மாதிரி பெரிய பொத்தானாக வைத்தேன். எழுத்தைக் கண்ணாடி போடாமல் வாசிக்கிற அளவுக்குப் பெரிதாக்கினேன். உறுமிச் சத்தத்தை எடுத்தபோதுதான் மச்சானுக்குத் தாங்கவில்லை.

"பாட்டு இல்லாம என்ன தசரா?"

"பாட்டு கேக்க முதல்ல ஆளு வரணும்லா மச்சான்."

முடித்ததும் லாத்தாவின் பழைய போனை எடுத்துக்கொண்டு திசையன்விளை பஸ்ஸில் ஏறினேன். அந்தச் சாலையில் சில இடங்களில் சிக்னல் நூலிழையாகத்தான் வரும். கீறல் விழுந்த அந்தப் போனில், ஆடிக்கொண்டு போகிற பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து தளத்தைத் திறந்தேன். பட்டென்று வந்தது. பக்கத்தில் கூடையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, "காளி கிரீடமா? நல்லாருக்கே. எந்தக் கடை?" என்றாள். எத்தனையோ பெரிய இடங்களுக்கு வேலை செய்திருக்கிறேன். என் வேலையைப் பார்த்து அறிமுகமில்லாத ஒருவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஊர் போய்ச் சேரும்வரை எனக்கு முகம் மலர்ந்தே இருந்தது.

ஆனால் தேடுபொறி ஒரு கடையை நம்பிக் காட்டுவதற்குக் காலம் பிடிக்கும். நான் மேலப்பாளையத்துக்குத் திரும்பிவிட்டேன். லாத்தா போன் செய்யும்போதெல்லாம் நலம் விசாரிப்பதற்கு முன்னால், "இன்னும் ஒருத்தரும் வரலட்டி" என்பாள். பின்னாலிருந்து மச்சான், "பழையதுல பாட்டாவது கேட்டுச்சு" என்பது எனக்குக் கேட்கும். கோபம் வரும். உட்கார்ந்து இன்னொரு கேள்விக்குப் பக்கம் எழுதுவேன். தளத்துக்கு யார் எந்த வார்த்தையால் வந்தார்கள் என்று பார்த்து, யாரையும் கொண்டுவராத வார்த்தையை மாற்றுவேன்.

யாரையாவது விட்டுப் பொய்யாகப் பாராட்டு எழுதச் சொல்லலாமே என்று மச்சான் ஒருமுறை கேட்டார். வளைகுடாவில் இருக்கிற சொந்தக்காரர்களை எல்லாம் எழுதவைக்கிறேன் என்றார். கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். உடை தைத்து வாங்கியவர் எழுதினால் இருக்கட்டும், இல்லாவிட்டால் காலியாகவே இருக்கட்டும். அதில் நான் இறங்கி வரவில்லை.

ஆடி பாதி தாண்டியதும் ஒரு மத்தியானம் லாத்தா கூப்பிட்டாள். வழக்கமான பேச்சில்லை. "ஏட்டி, கோவில்பட்டியிலிருந்து ஒரு பொம்பள பேசுனா. பிள்ளைக்குக் குரங்கு டிரெஸ்ஸாம். எப்பிடி நம்ம கடை தெரியும்னு கேட்டேன். போன்ல பாத்தேன், தொட்டேன், நீங்க பேசுதிய, அப்டிங்கா!" அதற்கப்புறம் தினமும் யாராவது பேசினார்கள். தூத்துக்குடியிலிருந்து, நாகர்கோவிலிலிருந்து, பம்பாயில் இருக்கிற நம்மூர்க்காரர்களின் தசரா குழுவிலிருந்து. மச்சான் உதவிக்குத் தன் தெருவிலிருந்து இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டார். பாட்டைப் பற்றி அதன்பின் பேச்சில்லை.

தசராவுக்குக் கொஞ்சம் முன்னால் நான் அங்கே போயிருந்தபோது, கடைக்கு எதிரே ஒரு லாரி வந்து நின்றது. இறங்கிய ஓட்டுநர் தலையைத் திருப்பாமல், உடம்போடு சேர்த்துத் திரும்பித்தான் கடையைப் பார்த்தார். கையில் போன். உள்ளே வந்து மச்சானிடம் நீட்டினார்.

"பாய், இது உங்க கடைதான?"

திரையில் நான் எழுதிய பக்கம்.

அவர் ஒரு விபத்தில் கழுத்தில் அடிபட்டு, பல மாதம் பட்டை கட்டிப் படுத்துக் கிடந்திருக்கிறார். மறுபடி வண்டி ஓட்டினால் காளி வேஷம் கட்டுகிறேன் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். வண்டி ஓட்ட ஆரம்பித்துவிட்டார். ஆனால் தலையில் பாரம் ஏற்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேட்ட கடையிலெல்லாம் தகரக் கிரீடம்தான்.

"வேண்டுதல வேற வேசத்துக்கு மாத்திக்கன்னு வீட்ல சொன்னாவ. மனசு ஒப்பல. சரக்கு ஏத்திட்டு வார வழியில டீக்கடையில நின்னு, கழுத்து வலிக்காத காளி கிரீடம் எங்க கெடைக்கும்னு போன்ட்ட கேட்டேன். சும்மா வாய்க்கு வந்ததத்தான் கேட்டேன். இது வந்து நிக்கி. எனக்காவ எழுதுன மாதிரியே."

லாத்தா ஃபோம் அட்டையில் செய்து வைத்திருந்த கிரீடத்தை எடுத்து, பைய அவர் தலையில் வைத்தாள். கண்ணாடி முன்னால் நின்றார். வலிக்குதா என்று கேட்டாள். அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு, "வச்ச மாதிரியே தெரியலக்கா" என்றார்.

மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம், "அத எழுதுனது இவதான். என் கொழுந்தியா" என்றார். "இங்கன உக்காந்து, ஆளுங்க கேக்குததெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதுனா." ஓட்டுநர் என் பக்கம் உடம்போடு திரும்பிக் கும்பிட்டார். என்னையறியாமல் சலாம் சொல்கிற பழக்கத்தில் கை நெஞ்சுக்குப் போயிற்று.

தசரா முடிந்து அவர் எங்கள் கடையைப் பற்றி எழுதினார். போனில் பேசி எழுதியிருக்க வேண்டும். "களுத்து வழிக்கல நல்ல மனுசங்க அம்மன் நல்லா வைப்பா" என்று, புள்ளியும் கமாவும் இல்லாமல். மச்சான் அதைத் திருத்த வழி உண்டா என்று கேட்டார். அவர் எழுதியதை அவர்தான் திருத்த முடியும் என்றேன். அதை இன்னொரு தடவை வாசித்துவிட்டு, "வேண்டாம், இப்படியே இருக்கட்டும்" என்றார். அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதை வாசித்துக் காட்டினார்.

அடுத்து அந்தப் பக்கத்திலிருந்தே என்னைத் தேடி ஆட்கள் வந்தார்கள். திருச்செந்தூரில் சின்ன லாட்ஜ் வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி, வயதானவர்கள் மாடி ஏறாமல் தங்குகிற அறை தன்னிடம் இருப்பது யாருக்கும் தெரியவில்லை என்று குறைப்பட்டார். திசையன்விளையில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிற கடைக்காரர், ஆட்கள் மோட்டார் ஓடும் சத்தத்தைச் சொல்லித்தான் என்ன கோளாறு என்று கேட்கிறார்கள், அதை எப்படி எழுதுவது என்றார். எழுதலாம் என்றேன். அந்தச் சத்தங்களையே வார்த்தையில் எழுதினேன். கொர்ரென்கிறது, ஊங்கென்கிறது, ஓடி ஓடி நிற்கிறது என்று. இப்போது அந்தப் பக்கத்தைத்தான் அவருடைய தளத்தில் அதிகம் பேர் திறக்கிறார்கள். தாமிரபரணிப் பாசனத்து வயல்களிலிருந்துகூட அவருக்கு அழைப்பு வருகிறது.

மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறை இப்போது என் அலுவலகம். என்னிடம் பழகிய இரண்டு பெண்கள் கூட இருந்து வேலை செய்கிறார்கள். யார் புதிதாக வந்தாலும், எந்த நிறம் வேண்டும், என்ன படம் வேண்டும் என்றுதான் பேச ஆரம்பிக்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். உங்களிடம் வருகிறவர்கள் வாயைத் திறந்ததும் என்ன கேட்பார்கள்? பெரும்பாலானவர்கள் யோசிக்கிறார்கள். சிலர் அடுத்த நாள் வந்து சொல்கிறார்கள்.

பெரிய இடங்களுக்குச் செய்த எந்தத் தளமும் என் பேரைச் சொன்னதில்லை, நானும் எதிர்பார்த்ததில்லை. லாத்தா கடைக்குச் செய்ததைப் பற்றி மட்டும் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்கிற உத்தேசமும் இல்லை. போன வாரம் ஒரு பெண் மதுரைப் பக்கத்திலிருந்து பேசினாள், தன் வளையல் கடைக்குச் செய்து தர முடியுமா என்று. என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன்.

"உங்க அக்காட்ட டிரெஸ் தைக்கக் குடுத்தோங்க. நான் ஒண்ணும் கேக்கவே இல்ல. அளவு எடுக்கும்போதே அவங்களா உங்களப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சாங்க. டேப்ப கையில வச்சுக்கிட்டு அளவு எடுக்கவே மறந்துட்டாங்க" என்றாள்.