சந்திரகிரி மலையடியில் உண்ணிச்செடி பிடுங்கப் போன கதை

1981 மே மாதம் நான் சந்திரகிரிக்குப் போனது கோட்டையைப் பார்க்க அல்ல. கோட்டைக்கு அப்பால் மூன்று கிலோமீட்டர் தள்ளி, மலையடியில் எங்கள் கிறிஸ்தவ சபைக்கு யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்த பதினோரு ஏக்கர் நிலம் இருந்தது. அதில் மண்டிக் கிடந்த உண்ணிச்செடியைப் பிடுங்கப் போனேன். கோடை விடுமுறைக்குச் செய்கிற வேலையா இது என்று வேலூரில் எல்லோரும் கேட்டார்கள். இன்று காட்டுச் செடி அகற்றும் வேலைக்குப் போக விரும்புகிறவர்கள் எனக்கு எழுதிக் கேட்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என்னைக் கூப்பிட்டது என் கணவரின் அக்கா கிருபை. சித்தூரில் ஒரு பிரசவ விடுதியில் நர்ஸ். வேலூருக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அந்த நிலத்தில் ஒரு ஊற்று உண்டு. கோடையில் மலையிலிருந்து புள்ளிமான்கள் இறங்கி வந்து குடிக்கும். சில வருஷங்களாக உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து ஊற்றை அடைத்துவிட்டது. புல் செத்துப்போனது. மான்களையும் காணோம். அது உதவாத நிலம் என்று முடிவுகட்டி, கல் உடைக்கும் ஒருவருக்குக் குத்தகை விடச் சபைக் கமிட்டி யோசித்துக்கொண்டிருந்தது.

“கமிட்டி சனிக்கிழமை வந்து பாக்கப் போவுது. அதுக்குள்ள ஊத்து வரைக்கும் வழி பண்ணணும். தண்ணிய கண்ணால பாத்தா மனசு மாறும். நீ வரியா, எஸ்தர்? பழைய சீலை எடுத்துக்கினு வா. முள்ளு குத்தும், இப்பவே சொல்லிட்டேன்” என்றார்.

நான் தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு லாரி ஷெட்டில் கிழிந்த தார்ப்பாய் வாங்கி, முழங்கை வரை வரும் கையுறைகள் ஆறு ஜோடி தைத்தேன். மெஷின் ஊசி நான்கு உடைந்தது.

திங்கட்கிழமை காலை வேலூரிலிருந்து சித்தூர் வரை ஒரு பஸ். அங்கே அக்காவும் சபைப் பெண்கள் மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். திருப்பதி பஸ்ஸில் ஏறினோம். உள்ளே பாதிப் பேர் மலைக்கு முடி இறக்கப் போகிறவர்கள். கண்டக்டர் எங்கள் கடப்பாரைகளைப் பார்த்தார்.

“கோட்டைக்கா?”

“இல்லப்பா, மலையடிக்கு” என்றார் அக்கா.

“அக்கட ஏமுந்தி?” அங்கே என்ன இருக்கிறது என்று தெலுங்கில் கேட்டார்.

“செடி பிடுங்கப் போறோம்.”

அவர் கடப்பாரைக்கு மட்டும் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

சந்திரகிரியில் இறங்கி நடந்தோம். மலையடிக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தங்க இடம் கிடைத்தது. சாயங்காலம் நிலத்தைப் போய்ப் பார்த்தோம். பூ அழகாகத்தான் இருந்தது, மஞ்சளும் ரோஜா நிறமும் கலந்து. ஆனால் பத்தடிக்கு மேல் கண் உள்ளே போகவில்லை. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மரங்களின் மேலும் ஏறியிருந்தது.

முதல் நாள் முழுக்கத் தப்பாகவே வேலை செய்தோம். கத்தியால் வெட்டி வெட்டி முன்னேறினோம். வேகமாக வழி கிடைத்தது. இரண்டாம் நாள் அக்கா நின்று, வெட்டின அடிக்கட்டைகளைக் காலால் தட்டிப் பார்த்தார். “இது அத்தனையும் மழைக்குத் துளிர்க்கும். வேரோட எடுக்கலன்னா நாம இங்க வந்ததே வீண்” என்றார். அன்றிலிருந்து கடப்பாரை. ஒரு ஆள் கவைக்கோலால் கிளைகளைத் தூக்கிப் பிடிக்க, இன்னொரு ஆள் தூரை நெம்பி எடுப்பது. வேகம் பாதியாகக் குறைந்தது.

அன்று பிற்பகல் புதருக்குள்ளிருந்து ஒரு காட்டுப்பன்றி பாய்ந்து வந்து எங்களுக்கு நடுவில் புகுந்து ஓடியது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் கவைக்கோல் பிடித்திருந்த இரண்டு பெண்கள் மறுநாள் காலை சித்தூர் பஸ் ஏறிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கிருபை அக்கா அவர்களைப் பஸ் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, “மூணு பேரு இருக்கோம். பன்னி ஓடிப்போன பக்கத்துல வழி இருக்குது பாரு, அங்கருந்து ஆரம்பிப்போம்” என்றார்.

கிராமத்துக்காரர் முனிரத்னம் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவார். இரண்டு எருமை வைத்திருந்தார். “எதுக்கம்மா கஷ்டம்? ஒரு நெருப்பு வெச்சா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்” என்றார்.

“மே மாசத்துல வெச்சா மலையே பத்திக்கும். சாம்பல்ல மொதல்ல மொளைக்கறதும் இதேதான்” என்றார் அக்கா.

முனிரத்னம் புதரைக் கையால் காட்டினார். “முந்தி இங்க கட்டுக்கட்டா புல்லு அறுத்துக்கினு போவோம். இந்தப் புலிகம்ப, இந்த உண்ணிச்செடி, வந்ததுலருந்து ஒரு வாய் புல்லு லேது. மறுபடியும் புல்லு வந்தா எங்கள அறுக்க விடுவீங்களா?”

“விதை கொட்டுனப்புறம் அறுத்துக்கங்க. ஊத்தச் சுத்தி மட்டும் தொடக்கூடாது.”

மறுநாள் முனிரத்னம் கடப்பாரையோடு வந்தார். கூடவே அவர் மனைவியும் வந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஊற்றை அடைந்தோம். அங்கே தண்ணீர் இல்லை. ஒரு பாறைக்கு அடியில் கறுப்புச் சேறு மட்டும். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அக்கா மண்டியிட்டுக் கையால் இலைமக்கை அள்ள ஆரம்பித்தார். நாங்களும் அள்ளினோம். பொழுது சாய்வதற்குள் ஒரு அண்டா அளவுக்குக் கலங்கல் தண்ணீர் ஊறியது.

சனிக்கிழமை கமிட்டி வந்தது. பொருளாளர் தேவதாஸ் ஐயா கறாரான மனிதர், கெட்டவர் இல்லை. சபைப் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது, குத்தகைப் பணம் வந்தால் மாற்றலாம் என்பது அவர் கணக்கு. குனிந்து பார்த்துவிட்டு, “இதுக்கா கிருபை இவ்ளோ பாடு? ஒரு மாடு குடிச்சா காலி” என்றார்.

“நாளைக்கு விடியக்காலம் வந்து ஒக்காருங்க ஐயா. மான் வரும்.”

அவர் வந்தார். பாறைக்குப் பின்னால் நாங்கள் நான்கு பேர். வெயில் ஏறும்வரை மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். மான் வரவில்லை. இரண்டு கௌதாரிகள் வந்து குடித்துவிட்டு ஓடின. எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

தேவதாஸ் ஐயா வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். “புல்லு வரதுக்கு எத்தினி வருஷம் ஆவும்?”

ஒரு வருஷம் என்று சொல்லியிருக்கலாம். அக்கா, “மூணு. அதுக்கு மேலயும் ஆவலாம்” என்றார்.

நாங்கள் வெட்டிய வழி நெடுக அவர் நடந்து, அங்கே நின்ற முனிரத்னத்தின் கொப்புளம் உடைந்த கையையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். “கமிட்டிகிட்ட ஒரு வருஷ தவணை நான் வாங்கித் தரேன். மீதிய நீயே வந்து கேட்டு வாங்கிக்கோ.”

அக்கா கேட்டு வாங்கினார், ஒவ்வொரு வருஷமும். முழு நிலமும் தப்பவில்லை. சாலையை ஒட்டிய நான்கு ஏக்கரைக் கமிட்டி கடைசியில் குத்தகைக்கு விட்டது. அங்கே வெடி வைக்கும்போது ஊற்றுப் பக்கம் வரை அதிரும். அக்கா அதைப் பற்றிப் பேச மாட்டார். மீதி ஏழு ஏக்கரில் முதல் மழைக்கே உண்ணிக் கன்றுகள் பாய் விரித்தாற்போல முளைத்தன. பிடுங்கினோம். அடுத்த மழைக்கும் முளைத்தன. மறுபடி பிடுங்கினோம். மூன்றாம் வருஷம் முழங்கால் அளவு புல் நின்றது. முனிரத்னத்தின் ஊர்க்காரர்கள் கமிட்டியிடம் ஏலம் எடுத்து அறுத்தார்கள். பள்ளிக் கூரையில் பாதி அந்தப் பணத்தில்தான் மாறியது. நான்காம் கோடையில், ஒரு காலை, பெட்டையும் குட்டியுமாக ஐந்து மான்கள் அந்தத் தண்ணீரில் வாய் வைத்ததைப் பார்த்தேன். அக்கா அன்று ட்யூட்டியில் இருந்தார். சித்தூருக்குப் போய் நான்தான் சொன்னேன். “குட்டி இருந்துச்சா?” என்று மட்டும் கேட்டார். இருந்தது என்றேன். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குள் போய்விட்டார்.

இப்படி ஒரு வேலைக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காட்டு எல்லையில் கை வைக்கும் முன் வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள். கத்தியைவிடக் கடப்பாரை முக்கியம். பழம் கறுக்கும் முன் பிடுங்குங்கள், பறவைகள் விதையைப் பரப்பிவிடும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மொட்டையடிக்காதீர்கள், மண் கரைந்துபோகும். முயலுக்கும் கௌதாரிக்கும் ஒளிய இடம் வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்களிடம் முதல் நாளே பேசுங்கள். ஒரு தடவை மட்டும் போய்வர நினைக்கிறவர்கள் தயவுசெய்து போகாதீர்கள். கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள், அதுவும் நல்ல இடம்தான். மழை முடிந்ததும் திரும்பிப் போகத் தயாராக இருக்கிறவர்கள் மட்டும் முதல் செடியில் கை வையுங்கள்.